சண்முகத்தாய்க்குக் கைதட்டியவள்

நான் பணி ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மூன்று பேர் பேசினார்கள். சொல்லிவைத்தாற்போல் மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: "சிஸ்டர் நல்லாப் பேசுவாங்க." முப்பத்து மூன்று வருஷம் ஊசி போட்டிருக்கிறேன், கட்டுப் போட்டிருக்கிறேன், பிரசவம் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாருக்கும் நினைவில் நின்றது என் வாய்தான். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

புதிதாகத் தொற்றாநோய்ப் பிரிவில் உட்காரப் போகிற தங்கைகளே, தம்பிகளே, உங்களுக்கு இதை எழுதச் சொன்னவர்களும் அந்த வாயை நம்பித்தான் சொன்னார்கள். சுகர், பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம் சாப்பாடு, நடை, புகையிலை, குடி பற்றி இரண்டு நிமிஷம் எப்படிப் பேசுவது என்று நான் எழுத வேண்டுமாம். எப்படிப் பேசக்கூடாது என்பதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

என் கடைசிப் பன்னிரண்டு வருஷம் கோவில்பட்டியை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிந்தது. செவ்வாய்க்கிழமை சுகர்காரர்கள் கூட்டம். விடிந்ததும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்குத் தெளிவாகத்தான் சொன்னார்கள்: முதலில் அவர்களைக் கேளுங்கள், பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், போதும். முதல் பாதி என் காதில் விழவே இல்லை. சொல்லுங்கள் என்றது மட்டும் நன்றாக விழுந்தது.

சொன்னேன். ஒரு விஷயம் இல்லை, பதினெட்டு விஷயம். அரிசியைக் குறை, சீனியை விடு, கம்பு சாப்பிடு, கிழங்கு தொடாதே, முக்கால் மணி நேரம் நட, இல்லாவிட்டால் கண் போகும், கிட்னி போகும், காலை எடுப்பார்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். இதைச் சொன்ன ஆள் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு படி ஏறினால் எனக்கு இளைக்கும். என் மேஜை இழுப்பறையில் பேஷண்ட் நோட்டுகளுக்கு அடியில் எப்போதும் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் இருக்கும். கடைவாயில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டே "இனிப்பப் பாக்கக்கூடக் கூடாது" என்று சொல்லியிருக்கிறேன்.

எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி ஒருமுறை என்னிடம் மாட்டினார். அவருக்கும் முழுப் பாட்டையும் பாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சந்தேகம் கேட்டார்.

"காட்டுக்குப் போக நாலு மைலு, வர நாலு மைலு நடக்கேன். அது போகத் தனியா நடக்கணுமா, இல்ல அதுலயே கழிச்சிக்கிடலாமாம்மா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. நான் விடுவேனா? "அது வேலைய்யா. நான் சொல்லுதது உடற்பயிற்சி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. ஊர்ப் பெயருக்குத் தக்கபடி அவர்தான் வென்றார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் ஓர் அண்ணாச்சி இருந்தார். பெயர் எழுதினால் கூச்சப்படுவார், வேண்டாம். அவர் ஒவ்வொருவரிடமும் நாலு வார்த்தைதான் பேசுவார். "பஸ்ஸு கிடைச்சுதா? வீட்ல என்ன பொங்குனிய? மக பிள்ள பெத்துட்டாளா?" மாத்திரையை எண்ணி உறையில் போடுகிற நேரத்துக்குள் பேச்சு முடிந்துவிடும். மனுஷன் வெட்டிக்கதை பேசுகிறார் என்றும், ஆலோசனை சொல்வது நான்தான் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சண்முகத்தாய் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுகுமலைப் பக்கத்துக் கிராமம். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிற வேலை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். முதல் தடவை பார்த்தபோது சுகர் இருநூற்றுத் தொண்ணூறு. அவளை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் ஏசினேன். ஆலோசனைதான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். கிட்டத்தட்ட அழுதுகொண்டே போனாள்.

அடுத்த மாதம் வந்தாள். நூற்றுப் பதினெட்டு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, என் பேச்சுதான் காரணம் என்று இருந்தேன். அவள் கையைப் பிடித்து வரிசைக்கு முன்னால் நிறுத்தினேன். "எல்லாரும் இவளப் பாருங்க. ஒரே மாசம். சொன்னதக் கேட்டா, குறைஞ்சிட்டு. கைதட்டுங்க." ஐம்பது அறுபது பேர் வெறும் வயிற்றோடு கைதட்டினார்கள். சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம், மாதாமாதம் அவள் சுகர் நூற்றுப் பத்துக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் நின்றது. மாதாமாதம் கைதட்டல். அவள் நோட்டை எடுத்து மற்றவர்களிடம் காட்டி, "உனக்கு மட்டும் ஏன் முடியல?" என்று கேட்பேன். எங்கள் நிலையத்தின் மாதிரி நோயாளி அவள். மாதிரி சிஸ்டர் யார் என்பதை நான் சொல்லவில்லை, கேட்கிறவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மருந்து அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார்.

"சிஸ்டர், அந்தச் சம்முவத்தாயி மாசாமாசம் மூணு மாத்திர கூடக் கேக்கா. கைதவறிக் கீழ விழுந்துட்டுங்கா."

"விழுந்திருக்கும்."

"எல்லா மாசமும் மூணுதான் விழுமா? கரிசல் மண்ணுக்கும் சுகரு வந்துட்டா என்ன?"

நான் சிரித்துவிட்டு, "அவ சுகரப் பாத்தியளா? நூத்திப் பன்னெண்டு" என்றேன். "அந்த நம்பரப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. பொறாமை என்றுகூட நினைத்தேன். வயதில் மூத்த மனுஷனைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பிறகு மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. நோயாளிகளிடம் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். நான் சண்முகத்தாய்க்கு ஆள் விட்டுச் சொன்னேன்: செவ்வாய்க்கிழமை லீவு போடு, பெரிய டாக்டர் முன்னால் நீ பேச வேண்டும்.

அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். முன் வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, கொசுவத்தைச் சரிசெய்து, என்ன பேச வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் வரும்போது பன்னிரண்டரை. அதுவரை அவளை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை. வெறும் வயிற்றில்தான் டாக்டர் முன்னால் சுகர் பார்த்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். "இப்ப நம்ம சண்முகத்தாய் பேசுவாங்க" என்று கையைக் காட்டினேன். அவள் எழுந்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. அப்படியே மடிந்து விழுந்துவிட்டாள்.

இந்த இடத்தில் உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு அவளைப் பற்றியது இல்லை. பெரிய டாக்டர் என்ன நினைப்பார் என்பதுதான். சுகர் நோயாளி, வெறும் வயிறு, வேர்வை, மயக்கம். சுகர் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று நேற்றுச் சேர்ந்த பயிற்சிப் பெண்கூடச் சொல்லிவிடுவாள். நானோ அவளைப் படுக்கவைத்துவிட்டு, "வெயில் சார், இந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி" என்று அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை ஜன்னலை விட்டுவிட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். "சிஸ்டர், வாய மூடிட்டு சுகரப் பாருங்க."

முப்பத்தெட்டு.

அதற்குப் பிறகு எங்கள் டாக்டர் பார்த்துக்கொண்டார். குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து என்னைத் தேடினாள்.

"சுகரு எவ்வளவு சிஸ்டர்?"

"முப்பத்தெட்டு."

"நல்லாக் குறைஞ்சிருக்குல்லா?" என்றாள்.

பெரிய டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, கடைசியா எப்பச் சாப்பிட்ட?"

"முந்தாநாள் ராத்திரி."

"மாத்திரை?"

"மூணு நாளா ரெட்டை ரெட்டையாப் போடுதேன். எப்பவும் அப்படித்தான். டெஸ்டுக்கு மூணு நாளு முந்தி ரெண்டாப் போட்டு, ரெண்டு நாளு பட்டினி கிடந்தா நம்பரு நல்லா வருது."

மற்ற இருபத்தேழு நாளும் எப்படியென்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "என்னை இப்படிக் கேவலப்படுத்திட்டியேட்டி" என்று கத்தினேன். என் பணிக்காலத்தில் நான் பேசியவற்றிலேயே மோசமான வாக்கியம் அதுதான், அதற்குப் போட்டிக்கு நிறைய வாக்கியங்கள் இருந்தும்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. "அவளுக்குத்தான் நஷ்டம்" என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மாத்திரையும் இல்லாமல் அந்த உடம்பில் சுகர் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் பாட்டாகப் பாடிய கண், கிட்னி, கால் எல்லாம் அவளுக்கு நிஜமாகவே போகலாம். அவளை விரட்டிவிட்டது நான்.

அண்ணாச்சிதான் சொன்னார். "வருவா வருவான்னு இருந்தா ஸ்ட்ரெச்சர்லதான் வருவா. நீங்க போய்ப் பாருங்க சிஸ்டர். பேசப் போகாதிய. கேக்கப் போங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை பஸ்ஸில் ஏறினேன். கேட்கத்தான் போகிறேன் என்றாலும், என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சுபாவம் எங்கே போகும்? நான் போனபோது சண்முகத்தாய் தெருக்குழாயில் குடங்களோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் நிறைகிற குடத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

"ஆபீஸ்ல லீவு தரமாட்டங்காவ சிஸ்டர், அதான் வரல" என்றாள், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ போட்டாள். "சீனி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போடு" என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஏன் தாயி அப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க கைதட்டச் சொன்னியல்லா. எனக்கு யாரும் கைதட்டுனதே கிடையாது சிஸ்டர். கல்யாணத்துலகூட மேளந்தான் அடிச்சாவ. அம்புட்டுப் பேரு முன்னால கைதட்டு வாங்கிட்டு, மறு மாசம் சுகரு கூடிட்டுன்னா என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? ரெண்டு நாளு பட்டினி கிடந்தாப் போச்சு. பட்டினி என்ன, நமக்குப் புதுசா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "இனிமே சுகர் எவ்வளவு இருந்தாலும் ஏச மாட்டேன். கைதட்டவும் மாட்டேன்."

"கைதட்டாட்டா பரவால்ல" என்றாள். "ஏசாம இருந்தாப் போதும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தாள். பட்டினி கிடக்காமல், உள்ளபடி. முந்நூற்று நாற்பத்திரண்டு. எண்ணைப் பார்த்ததும் என் நாக்கு துறுதுறுத்தது. பதினெட்டு விஷயமும் தொண்டை வரை வந்து நின்றன. அண்ணாச்சி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கிற நேரம் நான் சும்மா இருந்தேன். இது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். நான் செய்த வேலைகளில் பிரசவத்துக்கு அடுத்தபடி கஷ்டமானது இதுதான்.

"பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் ஆபீஸ்ல டீ வரும். அதக் குடிக்கலன்னா கை ஓடாது" என்றாள். "ராத்திரி பிள்ளைய தின்னது போக மிஞ்சுன சோத்தக் கொட்ட மனசு வராது. எம்புட்டு இருந்தாலும் நாந்தான் திங்கேன்."

ஒன்றரை வருஷமாக நான் அவளுக்குக் கம்பங்கூழ் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மிஞ்சுகிற சோறு பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. "என்ன செய்யலாம்னு நினைக்க?" என்று கேட்டேன்.

"அரை உழக்கு குறைச்சுப் பொங்கிப் பாக்கேன். டீயில ஒரு வேளைக்குச் சீனி வேண்டாங்கேன். ரெண்டு வேளையும் முடியாது சிஸ்டர்."

"சரி" என்றேன். அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பயிற்சி வகுப்பில் சொன்னது இதைத்தான் போல.

நோட்டை மூடிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏச மாட்டேன்னு சொன்னியல்லா?"

"சொன்னேன்."

"நெசமா?"

"நெசமா."

இடது காலை ரப்பர் செருப்பிலிருந்து எடுத்து, விரலில் சுற்றியிருந்த கிழிசல் துணியை அவிழ்த்தாள். சுண்டுவிரலுக்கு அடியில் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. மஞ்சள் அப்பியிருந்தாள். "வலியே இல்ல சிஸ்டர், அதான் பேசாம இருந்துட்டேன்" என்றாள். வலிக்காத புண்தான் சுகர்காரர்களின் காலை வாங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் பார்த்த கையோடு கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நானே கூடப் போனேன். போவதற்கு முன் அவள் பழைய பதிவுகளைப் புரட்டினேன். பாதம் பார்க்கப்பட்டதா என்ற கட்டத்தில் மாதாமாதம் டிக் போட்டிருந்தது. என் கையால் போட்ட டிக். ஒருநாளும் நான் அவளைச் செருப்பைக் கழற்றச் சொன்னது கிடையாது. நல்ல நம்பர் வைத்திருக்கிறவளின் காலை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆம்புலன்ஸில் போகும்போது, எப்போதிருந்து இந்தப் புண் என்று கேட்டேன்.

"பெரிய டாக்டர் முன்னால பேசச் சொன்னியல்லா, அதுக்கு முந்துன வாரம்."

அப்படியென்றால் நான் குனிந்து அவள் கொசுவத்தைச் சரிசெய்த அன்றைக்கு, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அந்தப் புண் செருப்புக்குள் இருந்திருக்கிறது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தாயி."

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "அன்னைக்கு நீங்க ரொம்பச் சந்தோசமா இருந்தீய."

பெரிய ஆஸ்பத்திரி வரும் வரை வாயைத் திறக்காமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டே போனேன்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் முடிந்திருக்காது என்றார்கள். நான் ஓய்வு பெறுகிற வரை அவள் சுகர் நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை, அவள் முறை வந்த ஒரு செவ்வாய்க்கிழமைகூட வராமல் இருக்கவும் இல்லை. வந்து உட்கார்ந்ததும் நான் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிடுவாள்.